டீசல் லாரியில் எரிபொருள் அழுத்தம்: சோதிப்பது எப்படி, எப்போது கூட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றதும் பலரும் முதலில் கேட்பது, "பெரிய பம்ப் போட்டுடலாமா?" என்றுதான். கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) மாட்டிப் பார்த்தீர்களா என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அளந்து பார்க்காமல் மாற்றிய பம்புகளை நிறையப் பார்த்துவிட்டேன். கழற்றிப் போட்ட பழைய பம்ப் நல்லபடியாகவே இருந்த வண்டிகளும் அவற்றில் உண்டு. அதனால்தான் இதில் அளப்பது முதலில், கூட்டுவது பிறகு.

எரிபொருள் அழுத்தம் என்றால் எதைச் சொல்கிறீர்கள்? நாசிலில் பீய்ச்சும் அழுத்தமா?

ஒரு டீசல் வண்டியில் இரண்டு அழுத்தங்கள் உண்டு. டேங்கிலிருந்து டீசலை இழுத்து, ஃபில்டர் வழியாகப் பெரிய பம்பின் (நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பை இங்கே அப்படித்தான் சொல்கிறேன்) வாய்வரை கொண்டுவருவது ஃபீட் பம்பின் வேலை. அது தருவது தாழ்ந்த அழுத்தம், சில பார் (அழுத்தத்தின் அலகு) அளவுதான். அதற்கு அப்புறம் பெரிய பம்பும் நாசிலும் சேர்ந்து உண்டாக்குவது உயர்ந்த அழுத்தம். அது நூற்றுக்கணக்கான பார். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் காமன் ரெயிலில் 2000 பாரைக்கூடத் தாண்டும்.

இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் பேசப்போவது முதல் அழுத்தத்தைப் பற்றி. கேஜ் மாட்டி நாமே பார்க்க முடிந்தது அதுதான். உயர் அழுத்தப் பக்கம் என்று நினைத்துக் கழற்றுகிற பல கோளாறுகள் கடைசியில் இந்தத் தாழ் அழுத்தப் பக்கத்தில்தான் முடிகின்றன.

குறைந்தால் வண்டியில் என்ன தெரியும்?

வெறும் வண்டியில் சமவெளியில் ஓடும்போது ஒன்றும் தெரியாது. லோடு ஏற்றி, ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதுதான் தெரியும். கொஞ்ச தூரம் நன்றாக இழுக்கும், பிறகு யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதுபோல் தளரும். காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டிவரும். ஐடிலிங் ஏறி இறங்கும். சில வண்டிகளில் நாசில் சத்தம் கடகடவென்று கூடும்.

ஒரு குறிப்பைக் கவனியுங்கள். இழுவை குறையும்போது கருப்புப் புகை கக்கினால் காற்று போதவில்லை என்று பொருள். டர்போவையும் ஏர் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். புகையே இல்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

எல்லா எஞ்சினுக்கும் ஒரே எண் கிடையாது. அந்த எஞ்சினின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ளதுதான் கடைசி வார்த்தை. ஆனாலும் எண்கள் எவ்வளவு வேறுபடும் என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன்.

1994 முதல் 1998 வரை டாட்ஜ் ராம் வண்டிகளில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 12 வால்வு எஞ்சினில் பாஷ் பி7100 இன்லைன் பம்ப் (சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர் வரிசையாக இருக்கும் வகை) இருக்கும். அதற்கு ஐடிலிங்கில் 20 பி.எஸ்.ஐ.-யை ஒட்டியும், சுற்று ஏறும்போது 25-ஐத் தாண்டியும் இருந்தால் நிம்மதி. அதற்கு அடுத்து 2002 வரை வந்த 24 வால்வு எஞ்சினில் வி.பி.44 பம்ப், ஒரே சுழலும் பாகம் எல்லா சிலிண்டருக்கும் பங்கிடும் ரோட்டரி வகை. அதற்கு ஐடிலிங்கில் 10-க்குக் குறையக்கூடாது, முழு லோடில் 5-க்குக் கீழே விழக்கூடாது. ஒரே எஞ்சின் குடும்பம்தான், பம்ப் மாறியதும் அளவும் மாறிவிட்டது. 2003 முதல் 2007 வரை வந்த ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கிலோ 45-க்குக் கீழே போனாலே இன்ஜெக்டருக்கு (நாசில் உள்ள, டீசலைப் பீய்ச்சும் பாகம்) ஆபத்து. ஜி.எம். டியூராமேக்ஸ் எல்.பி.7 எஞ்சினில் தொழிற்சாலை ஃபீட் பம்பே வைக்கவில்லை. பெரிய பம்போடு சேர்ந்த கியர் பம்ப்தான் டேங்க்வரை உறிஞ்சி இழுக்கும். அங்கே ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் நீங்கள் அளப்பது அழுத்தத்தை அல்ல, உறிஞ்சும் வெற்றிடத்தை.

அளவுகளைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்: 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ., அதாவது 100 கிலோ பாஸ்கல். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று போட்டிருந்தால் அதுவும் கிட்டத்தட்ட 1 பார்தான்.

எந்த கேஜ் வாங்குவது? எங்கே மாட்டுவது?

கிளிசரின் நிரப்பிய கேஜ் வாங்குங்கள். பம்பின் துடிப்பில் சாதாரண கேஜின் முள் நடுங்கிக்கொண்டே இருக்கும், படிக்கவே முடியாது. நீங்கள் எதிர்பார்க்கும் அழுத்தம் கேஜின் நடுப்பகுதியில் விழ வேண்டும். 12 பி.எஸ்.ஐ. பார்ப்பதற்கு 300 வரை போகும் கேஜை மாட்டினால் முள் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. 30 வரை போகும் கேஜ் ஒன்று, 100 வரை போகும் கேஜ் ஒன்று, இந்த இரண்டும் இருந்தால் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

மாட்ட வேண்டிய இடம் ஃபில்டருக்கு அப்புறம், பெரிய பம்புக்கு முன்னால். பம்பின் வாய்க்கு எவ்வளவு வந்து சேருகிறது என்பதுதான் நமக்கு வேண்டும். முடிந்தால் ஃபில்டருக்கு முன்னால் இன்னொரு கேஜ் மாட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஃபில்டரின் நிலைமை. முன்னால் 18 காட்டி, பின்னால் 9 காட்டினால் பம்பைக் குறைசொல்ல வேண்டாம், ஃபில்டரைக் கழற்றுங்கள்.

சோதனையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் டேங்கில் பாதிக்கு மேல் டீசல் இருக்கட்டும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். கேஜ் மாட்டும் இடத்தைச் சுற்றி நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் போல்ட்டைத் தொட வேண்டும். நாசிலுக்குள் நகரும் பாகங்களின் இடைவெளி ஓரிரு மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனோ 70 மைக்ரானை ஒட்டி இருக்கும். விரல் நகத்தில் ஒட்டியிருக்கும் மண் எத்தனை பெரிய பாறாங்கல் என்று நினைத்துப் பாருங்கள். பேஞ்சோ போல்ட்டை (டீசல் தன் துளை வழியே ஓடும் குழாய் இணைப்பு போல்ட்) கழற்றினால் காப்பர் வாஷர் புதிது போடுங்கள்.

கேஜ் மாட்டியபின் ஏர் எடுத்துவிட்டு எஞ்சினைச் சூடாக்குங்கள். டீசல் சூடானால் நீர்த்துப்போகும், அழுத்தமும் கொஞ்சம் இறங்கும். அதனால் குளிர்ந்த எஞ்சினில் கிடைத்த எண்ணை நம்பாதீர்கள்.

இனி நான்கு நிலைகளில் குறித்துக்கொள்ளுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது, ஐடிலிங்கில், நின்ற இடத்தில் சுற்றை ஏற்றும்போது, லோடோடு ஏற்றத்தில் முழு மிதியில். கடைசி நிலைதான் உண்மையைச் சொல்லும். நிறையப் பேர் மூன்றாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். நின்ற இடத்தில் எவ்வளவு முறுக்கினாலும் எஞ்சின் முழு டீசலைக் கேட்காது. ஏற்றத்தில் ஓட்டும்போது கேஜை நீளமான ஹோஸில் வைப்பர் பக்கம் கொண்டுவந்து கட்டி, கண்ணாடிக்கு வெளியே வைத்துப் பாருங்கள். டீசல் ஓடும் ஹோஸை கேபினுக்குள் கொண்டுவரவே கூடாது. ஓட்டுகிறவர் ஓட்டட்டும், முள்ளை இன்னொருவர் பார்க்கட்டும்.

முள் விழும் விதத்தையும் கவனியுங்கள். மிதித்தவுடன் விழுந்து அங்கேயே நின்றால் பம்ப் சிறியது அல்லது தேய்ந்தது. மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ அடைப்பு. முள் படபடவென்று அடித்துக்கொண்டால் ஏர்.

கேஜ் சரியான அழுத்தம் காட்டுகிறது. ஆனாலும் இழுக்கவில்லையே?

தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் சீறிக்கொண்டு வரும், ஆனால் வாளி நிரம்ப அதிக நேரமாகும். அதே கதைதான். அழுத்தம் இருப்பதால் அளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ரிட்டர்ன் லைன் (மீதி டீசலை டேங்குக்குத் திருப்பும் குழாய்) நசுங்கியிருந்தாலோ அடைத்திருந்தாலோ கேஜ் அழகான எண்ணைக் காட்டும். டீசல் நகராது, பம்ப் சூடாகும்.

அதனால் ரிட்டர்ன் குழாயைக் கழற்றி அளவு குறித்த ஜாடியில் விட்டு, 30 விநாடியில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். புத்தகத்தில் கொடுத்த அளவோடு ஒப்பிடுங்கள். அழுத்தமும் அளவும் இரண்டும் சரியாக இருந்தால் தாழ் அழுத்தப் பக்கத்தை விட்டுவிட்டு மேலே போகலாம்.

எங்கேயும் டீசல் ஒழுகவில்லை. ஏர் எப்படி உள்ளே வரும்?

ஃபீட் பம்புக்கு முன்னால் இருக்கும் பகுதி உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகவில்லை என்பதை வைத்து அந்தப் பக்கம் நல்லது என்று முடிவுகட்டக் கூடாது.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஃபீட் பம்புக்கு முன்னால் அரையடி நீளத்துக்கு, உள்ளே தெரியும் டீசல் தாங்கும் குழாயை இணைத்து வண்டியை ஓடவிடுங்கள். நல்ல நிலையில் அந்தக் குழாய் காலியாக இருக்கிறதா நிரம்பியிருக்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு தெளிவாக இருக்கும். ஏர் இருந்தால் கடுகு மாதிரி சின்னச் சின்னக் குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும். ஆக்சிலரேட்டரை ஏற்றினால் அவை சேர்ந்து வெள்ளி நூல்போல் இழையும். குழாயை இன்னும் பின்னால், டேங்கை நோக்கி ஒவ்வொரு இணைப்பாகத் தள்ளிக்கொண்டே போங்கள். குமிழ் எந்த இணைப்போடு நின்றுபோகிறதோ, அதற்கும் அதற்கு முன்பு குழாய் இருந்த இடத்துக்கும் நடுவில்தான் ஓட்டை. பழைய ரப்பர் ஹோஸ், தளர்ந்த கிளிப், கைப் பம்பின் தேய்ந்த சீல், ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் ஆகியவைதான் பெரும்பாலும் சிக்கும்.

ஏற்றத்தில் நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. ஏன்?

இப்படி ஒரு வண்டி என்னிடம் வந்தது. அதற்குள் ஃபீட் பம்ப் புதிது, ஃபில்டர் புதிது, பெரிய பம்பையும் கழற்றி கேலிபரேஷனுக்கு அனுப்பித் திரும்பப் போட்டிருந்தார்கள். வண்டி அதே ஏற்றத்தில் அதேபோல் நின்றது. நான் வெற்றிட கேஜை ஃபீட் பம்புக்கு முன்னால் மாட்டி ஓட்டச் சொன்னேன். ஆரம்பத்தில் முள் கிட்டத்தட்ட அசையவில்லை. ஏற்றம் தொடங்கி இரண்டு நிமிடத்தில் கிடுகிடுவென்று ஏறியது, எஞ்சின் நின்றது. நின்ற கொஞ்ச நேரத்தில் முள் தானாக இறங்கிவிட்டது.

டேங்கைக் கழற்றினோம். உள்ளே உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாள் ஒன்று, டீசல் கேனின் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீல் தாள், மிதந்துகொண்டிருந்தது. மெதுவாக ஓட்டும்போது ஒரு ஓரமாகக் கிடக்கும். முழு மிதியில் உறிஞ்சல் கூடும்போது உறிஞ்சு குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் நின்றதும் விட்டுவிடும். அத்தனை செலவும் ஒரு தாளுக்காக. அன்றிலிருந்து உறிஞ்சும் பக்கத்தை அளக்காமல் நான் எந்தப் பம்பையும் கழற்றச் சொன்னதில்லை.

இதே அறிகுறியை டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்தாலும் பார்க்கலாம். வண்டி தளரும்போது நிறுத்தி மூடியைத் திறந்து பாருங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் கோளாறு அந்த மூடியில்தான்.

மின்சார ஃபீட் பம்ப் பலவீனமாகிவிட்டது என்று எப்படி உறுதிசெய்வது?

பம்பைக் குறைசொல்லும் முன் அதற்கு வரும் மின்சாரத்தை அளந்து பாருங்கள். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் இரண்டு முனைகளில் வோல்ட்டைப் பாருங்கள். பேட்டரி முனையில் இருப்பதற்கும் இதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ரிலே, கனெக்டர், எர்த் இணைப்பு இவற்றில் ஒன்றில் பச்சை பிடித்திருக்கும். எர்த்தைச் சுரண்டி இறுக்கியதிலேயே சரியான வண்டிகள் உண்டு.

ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங்கை இழுத்துவிட்டால் அழுத்தம் கூடும் என்கிறார்களே?

இன்லைன் பம்பில் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது அந்த வால்வுதான். ரிட்டர்ன் பக்கம் உட்கார்ந்திருக்கும், உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங். பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய வால்விலிருந்து ஸ்பிரிங்கை எடுத்து, புதியதோடு சேர்த்து உள்ளங்கையில் நிற்கவைத்துப் பாருங்கள். பழையது குட்டையாகியிருக்கும், ஒரு பக்கம் தேய்ந்து பளபளக்கும். அழுத்தம் அதற்குத் தகுந்தபடி இறங்கியிருக்கும்.

இழுத்துவிட்டால் கூடும் என்பது உண்மைதான். ஆனால் இழுத்த ஸ்பிரிங் சில வாரங்களில் மறுபடி படிந்துவிடும். எவ்வளவு கூடியது என்பதும் உங்கள் கையில் இல்லை. அவசரத்துக்கு வண்டியை வீடு சேர்க்க அப்படிச் செய்யலாம், சரி. அதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள். புது வால்வு போடுங்கள்.

அழுத்தத்தைக் கூட்டினால் பவர் கூடுமா?

குறைவாக இருந்ததைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தால், இழந்த பவர் திரும்பக் கிடைக்கும். சரியாக இருப்பதை மேலும் கூட்டினால் ஒன்றும் கிடைக்காது.

காரணம் இதுதான்: நாசிலுக்கு எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதைப் பெரிய பம்பின் பிளஞ்சரோ (டீசலை அழுத்தித் தள்ளும் தண்டு) இன்ஜெக்டரைத் திறந்து மூடும் கணினியோ தீர்மானிக்கிறது. ஃபீட் பம்பின் வேலை அந்த பிளஞ்சரின் அறையை ஒவ்வொரு முறையும் முழுசாக நிரப்புவது. நிரம்பிய குடத்தில் இன்னும் வேகமாக ஊற்றினால் குடம் பெரிதாகிவிடாது.

ஆனால் குடத்தையே பெரிதாக்கியவர்கள் உண்டு. பெரிய நாசில் போட்டவர்கள், பம்பின் டெலிவரியைக் கூட்டியவர்கள், கணினியில் ட்யூனிங் ஏற்றியவர்கள். எஞ்சின் இப்போது முன்பைவிட அதிகம் கேட்கிறது, வழி மட்டும் பழைய வழியாகவே இருக்கிறது. அவர்களுக்குத்தான் தாழ் அழுத்தப் பக்கத்தை மேம்படுத்துவது உண்மையிலேயே தேவை.

அப்படியானால் எதை முதலில் மாற்றுவது?

குறுகலான இடத்தை. பேஞ்சோ போல்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அதன் துளை வழியே பாருங்கள். அரை அங்குலக் குழாயில் வந்த டீசல் கடைசியில் ஒரு குச்சி நுழையும் அளவு துளையில் திரும்பிப் போக வேண்டியிருக்கும். பம்பை இரட்டிப்பாக்கிவிட்டு அந்த போல்ட்டை அப்படியே விட்டால் பணம் வீண். பெரிய துளை உள்ள நேர் இணைப்புகள், உள்விட்டம் கூடிய ஹோஸ், தேவையில்லாத வளைவுகளை எடுப்பது ஆகியவைதான் முதல் வேலை. டேங்கில் உள்ள உறிஞ்சு குழாய் சிறிதாக இருந்தால் அதையும் பாருங்கள்.

பம்ப் அதற்கு அப்புறம். மின்சார பம்ப் என்றால் டேங்குக்குப் பக்கத்தில், டீசல் மட்டத்தை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். இந்தப் பம்புகளுக்குத் தள்ளுவது சுலபம், உறிஞ்சுவது கஷ்டம். பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், பம்புக்கு அப்புறம் நுண்ணிய ஃபில்டர் என்ற வரிசை இருக்கட்டும். நுண்ணிய ஃபில்டரை உறிஞ்சும் பக்கம் வைத்தால் பம்ப் மூச்சுத் திணறும். ரிலே வழியாகத் தனி வயர் கொடுங்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி இணைப்பது கட்டாயம். விபத்தில் குழாய் அறுந்தால் பம்ப் டீசலைச் சாலையில் ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம். அதன் நார் நேராகப் பம்புக்குள் போகும். துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் வேண்டாம், டீசலுக்கு அது ஆகாது.

ஃபோர்டு 6.0-க்குச் சொல்லும் "நீல ஸ்பிரிங்" என்ன?

அந்த எஞ்சினில் இன்ஜெக்டருக்குள் டீசலை அழுத்துவது உயர் அழுத்த எஞ்சின் ஆயில். ஆயில் மேலிருந்து பிளஞ்சரைத் தள்ளும், கீழே டீசல் நிரம்பியிருக்க வேண்டும். டீசல் அழுத்தம் குறைந்தால் அறை முழுசாக நிரம்பாது. பிளஞ்சர் வெற்றிடத்தில் இடித்து இறங்கும். அப்படி இடித்தே இன்ஜெக்டர் கெடும்.

அழுத்தத்தைத் தாங்கும் ரெகுலேட்டர் ஃபில்டர் ஹவுசிங்கின் பக்கவாட்டில் இருக்கிறது. பழைய ஸ்பிரிங் தளர்ந்து 45 பி.எஸ்.ஐ.-யை ஒட்டி வந்துவிடும். மேம்படுத்திய ஸ்பிரிங் நீல நிறம். அதைப் போட்டால் அழுத்தம் ஏறத்தாழ 55 முதல் 65-க்குள் வந்து நிற்கும். சின்ன வேலை, நல்ல பலன். ஆனால் ஸ்பிரிங் மாற்றியும் லோடில் முள் விழுந்தால் பம்போ ஃபில்டரோதான் பிரச்சினை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து எழுதி வையுங்கள்.

அளவுக்கு மேல் கூடினால் என்ன ஆகும்?

ரோட்டரி பம்புகளில்தான் பெரிய ஆபத்து. உள்ளே உள்ள அழுத்தத்தை வைத்துத்தான் அது டைமிங்கையே (டீசல் பீய்ச்சும் நேரத்தையே) நகர்த்துகிறது. வெளியிலிருந்து அதிகம் தள்ளினால் டைமிங் மாறும். பம்பின் தண்டு சீல் விட்டுப்போனால் டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் ஏறியிருந்து, விரலில் தேய்த்தால் வழவழப்பு இல்லாமல் டீசல் வாடை அடித்தால் வண்டியை உடனே நிறுத்துங்கள். பேரிங் போவதற்கு அதிக நேரம் ஆகாது.

காமன் ரெயில் வண்டியிலும் இதே கேஜ் போதுமா?

தாழ் அழுத்தப் பக்கத்துக்குப் போதும். ரெயிலின் அழுத்தத்தை ஸ்கேனரில்தான் பார்க்க வேண்டும். கணினி கேட்கும் அழுத்தம், உண்மையில் இருக்கும் அழுத்தம் என்று இரண்டு எண்கள் வரும். ஏற்றத்தில் இரண்டும் ஒட்டிப் போனால் நல்லது. உண்மையான எண் பின்தங்கினால் முதலில் ஃபீட் பக்கத்தை அளங்கள். அது சரியென்றால் இன்ஜெக்டர் ரிட்டர்ன்களை ஒரே அளவு பாட்டில்களில் தனித்தனியாக விட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. பீசோ வகை (மின்சாரம் பட்டதும் விரியும் படிகத்தால் இயங்கும்) இன்ஜெக்டரில் மட்டும் இந்த பாட்டில் சோதனை வேண்டாம், ரிட்டர்னில் அழுத்தம் இருந்தால்தான் அது வேலை செய்யும். ரெயிலின் ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினால் திறப்பது) ஒழுகுகிறதா என்பதும் பார்க்க வேண்டியது. உயர் அழுத்தப் பம்பு கடைசிச் சந்தேகம்.

எஞ்சின் ஓடும்போது நாசில் பைப்பைத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கலாமா?

பழைய இன்லைன் பம்ப் வண்டிகளில் செய்துவந்த பழக்கம் அது. காமன் ரெயிலில் ஒருபோதும் செய்யாதீர்கள். ஒழுகுகிறதா என்று விரலால் தடவியும் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் வரும் டீசல் கண்ணுக்குத் தெரியாத ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கும். இது விரலையே எடுக்கும்படி ஆகக்கூடிய காயம். அப்படி நடந்துவிட்டால் வலிக்கவில்லையே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்த டீசல் உள்ளே போய்விட்டது என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒழுக்கைப் பார்க்க ஓர் அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடியுங்கள், ஈரம் காட்டிக்கொடுக்கும். எஞ்சினை நிறுத்தியதும் உடனே பைப்பைக் கழற்ற வேண்டாம், புத்தகம் சொல்லும் நேரம்வரை அழுத்தம் இறங்கக் காத்திருங்கள்.

கேபினில் நிரந்தரமாக ஒரு கேஜ் வைத்துக்கொள்ளலாமா?

கட்டாயம் வையுங்கள். சென்சார் வைத்த மின்சார கேஜ் நல்லது, டீசல் கேபினுக்குள் வராது. பம்பின் துடிப்பு சென்சாரைச் சீக்கிரம் கெடுக்கும், அதனால் நடுவில் ஊசி வால்வு ஒன்றைப் போட்டு, முள் நடுங்காத அளவுக்கு மட்டும் திறந்து வையுங்கள். புது ஃபில்டர் போட்ட அன்று, தெரிந்த ஒரு ஏற்றத்தில், வழக்கமான லோடில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து கேஜின் கண்ணாடிமேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பிறகு ஒருநாள் அதே ஏற்றத்தில் முள் அந்தக் கோட்டுக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கீழே நின்றால், அன்று சாயங்காலமே ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து என்ன வடிகிறது என்று பாருங்கள்.